சாவி விழுந்த பக்கம்

வேண்டாம் சார், நீங்க வாயத் திறக்காதீங்க. டாக்டரம்மா இப்பதானே சொல்லி அனுப்பினாங்க, பஞ்சைக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசாம உக்காரணும்னு. பேசினா ரத்தம் நிக்காது. தலைய மட்டும் ஆட்டுங்க, எனக்குப் புரிஞ்சுடும். நான் கேட்டது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, இந்தச் சீட்டுல ஆள் இருக்கான்னுதான். இல்லைல்ல? அப்பாடா. ஆமா, அந்தப் பக்கச் சீட்டும் காலிதான், பாத்தேன். அங்க ஃபேன் காத்து நேரா மூஞ்சியில அடிக்குது, எனக்கு ஒத்துக்காது. இதுவே சௌகரியம்.

எனக்கா? எனக்கும் பல்லுதான். இந்தப் பக்கம், கடவாய்ப் பல்லு. விண்ணு விண்ணுனு தெறிக்குது. கொஞ்சம் கிட்ட வந்து பேசறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. சத்தமா பேசினா அதோ அந்த நர்ஸ் முறைக்கிறாங்க. நீல உடுப்புல, உள் கதவுகிட்ட நிக்கிறாங்களே, அவங்கதான். நான் உள்ள வந்ததுலேர்ந்தே என்னைத்தான் பாக்குறாங்க. அவங்க பாக்கட்டும், வலி இருக்கிறவங்க பேசத்தான் செய்வாங்க.

ஐயோ, ஆரம்பிச்சுட்டாங்க உள்ள. இந்த மெஷின் சத்தம் இருக்கே, கதவு சாத்தியிருந்தும் நடு மண்டையில வந்து இறங்குது. எதிர்ல அந்தம்மாவைப் பாருங்க, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாங்க. பாப்பா அவங்க மடியில மூஞ்சியப் புதைச்சுக்கிச்சு. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நீங்க என்னடான்னா சாவகாசமா பத்திரிகை புரட்டிக்கிட்டு இருக்கீங்க. பல்லையே புடுங்கியாச்சு, இனி என்ன பயம்ங்கிறீங்களா? அதுவும் சரிதான்.

என்ன, பையைப் பாக்குறீங்களா? கீழ வாட்ச்மேனும் இப்படித்தான் பாத்தாரு. எல்லாத்தையும் எடுத்துக் காட்டுன்னுட்டாரு. ஒரு ஜோடி ஆம்பள பூட்ஸ், ஒரு ஜோடி ஹை ஹீல்ஸ், கிழிஞ்சு போன தோல் கையுறை, ஒரு பொட்டலம் மாவு, ஒரு பெரிய கொத்துச் சாவி. இதுல எந்தப் பூட்டுக்கும்மா சாவின்னு கேட்டாரு. ஒரு பூட்டுக்கும் இல்லைன்னேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, ஏம்மா, வீட்ட விட்டு ஓடி வந்துட்டியான்னு கேட்டாரு பாவம். ஓடி வந்தது நிஜம்தான், ஆனா அவர் நினைக்கிற மாதிரி இல்ல.

இதெல்லாம் என் தொழில் சாமான் சார். நான் சத்தம் பண்றவ. சிரிக்காதீங்க, பஞ்சு நழுவிடும். படத்துல ஒரு பொண்ணு மாடிப்படி இறங்கி வரா, டக் டக்குனு கேக்குதில்ல? அது அந்தப் பொண்ணு நடந்தப்ப எடுத்த சத்தம் கிடையாது. ஷூட்டிங்ல ஆயிரம் இரைச்சல். பின்னாடி ஒரு அடைச்ச ரூம்ல திரையப் பாத்துக்கிட்டே, என்னை மாதிரி ஒருத்தி ஹீல்ஸ மாட்டிக்கிட்டு நின்ன இடத்துலயே நடப்பா. இந்தக் கையுறைய உதறினா புறா பறக்கும். மாவுப் பொட்டலத்த அமுக்கினா பனியில ஒருத்தன் நடந்து போவான். உங்களுக்கா இதெல்லாம் தெரியாது... அதாவது, பொதுவா யாருக்கும் தெரியாதுன்னு சொல்ல வந்தேன்.

இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வரேன். தொண்டை வறண்டு போச்சு.

கொஞ்சம் கால நகத்துறீங்களா சார்? மன்னிச்சுக்குங்க. தண்ணி புடிக்கப் போனேனா, சாவிக் கொத்து கை நழுவிடுச்சு. இங்க இல்ல, உங்களுக்கு அந்தப் பக்கம். நாற்காலிக்குப் பின்னாடி. ஓ, பாப்பா அதுக்குள்ள ஓடி வந்து எடுத்துருச்சு பாருங்க. தேங்க்ஸ்டா செல்லம். போ, அம்மாகிட்ட போய் உக்காந்துக்கோ.

எங்க விட்டேன்? ஆங், ஓடி வந்தது. எங்க ஊர்ல ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூம்ல வேலை பாத்தேன். கடை விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு விழா, அந்த மாதிரி. அங்க இருந்தா உருப்பட மாட்டேன்னு தோணுச்சு, கிளம்பி அக்கா வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு ஹால், ஒரு ரூம். ஹால்ல நான். பால்கனியில ஒரு பெரிய ட்ரே நிறைய ஜல்லி போட்டு வச்சிருந்தேன், நடந்து பழகறதுக்கு. கிழவர் நடை, குடிகாரன் நடை, அவசரமா கிளம்புறவ நடை. ஒரு நாள் கீழ் வீட்டுக்காரர் மேல வந்து, உங்க வீட்டுல யாரோ நடந்துக்கிட்டே இருக்காங்களே, யாருக்காவது மனசு சரியில்லையான்னு தன்மையா விசாரிச்சுட்டுப் போனாரு. மாமா, அக்கா வீட்டுக்காரர், தங்கமான மனுஷன். என்னை ஒரு வார்த்தை சொல்லல. மறுநாள் காலையில பாத்தா அந்த ட்ரேல செடி வச்சிருக்காரு.

ஆனா போன வாரம் வாயத் திறந்துட்டாரு. இந்த மாசத்தோட பாப்போம்மா, இல்லைன்னா ஊருக்கே போயிடு, அப்பா சிநேகிதர் லாரி ஆபீஸ்ல போன் எடுக்கிற சீட்டு காலியா இருக்காம்னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவர் மேல கோவப்பட எனக்கு என்ன உரிமை இருக்கு? ஆனா அங்க போய் உக்காந்துட்டேன்னா அவ்வளவுதான். லோடு வந்துச்சா, வண்டி கிளம்புச்சான்னு கேட்டுக்கிட்டே கிடப்பேன், திரும்பி வர மாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

மாசம் முடிய இன்னும் எவ்வளவு இருக்குன்னு கேக்கிறீங்களா? முடிஞ்ச மாதிரிதான்.

முயற்சி பண்ணாம இல்ல சார். இந்த ஊர்ல வேலை தெரியுமான்னு யாரும் கேக்கிறதில்ல, யாரைத் தெரியும்னுதான் கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒருத்தர். ஹலோ அண்ணன். எங்க காலேஜ்ல எனக்கு முன்னாடி படிச்சவரு. பாக்கிற எல்லாருக்கும் ஹலோ சொல்வாரு, அதனால அந்தப் பேரு. ரிலீசுக்கு முன்னாடி படம் போட்டுக் காட்டுற ப்ரிவியூ தியேட்டர்ல யாரைக் கூப்பிடணும், யாரை எங்க உக்கார வைக்கணும்னு பாக்கிறவரு. அவருதான் எனக்குப் பாடம் எடுத்தாரு. வேலைன்னு வாயே திறக்காதே, அஞ்சு நிமிஷம் பேசணும்னு மட்டும் கேளு. வேலை குடுன்னா ஓடிடுவாங்க, யோசனை சொல்லுங்கன்னா உக்காந்து சொல்வாங்க. கிட்டப் போய் நில்லு, ஆனா இடிக்காதே. எந்தக் கூட்டத்துலயும் தட்டு கையில வச்சுக்காதே, கை குடுக்க முடியாம போயிடும்.

எல்லாம் செஞ்சேன். எத்தனை காபி குடிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தர் இன்னொருத்தரைப் போய்ப் பாக்கச் சொல்வாரு. அவர் மூணாவது ஆளைக் காட்டுவாரு. மூணாவது ஆள் ரொம்ப யோசிச்சு, உனக்கு ஏத்த ஆள் ஒருத்தர் இருக்காரேம்மான்னு முதல்ல பாத்த ஆள் பேரைச் சொல்வாரு. சிரிக்கக் கத்துக்கிட்டேன், சிரிப்பே வராத இடத்துல. கூட்டத்துல ஓரமா நிக்கக் கத்துக்கிட்டேன், ஆனா ஓரமா நிக்கிறா மாதிரி தெரியக் கூடாது. வீட்டுக்கு வந்து படுத்தா தாடை வலிக்கும் சார், சிரிச்சுச் சிரிச்சு. பல் வலி இல்ல அது.

எங்க லைன்ல கடைசியில எல்லாரும் போய் நிக்கிற வாசல் ஒண்ணுதான். ஒருத்தர் இருக்காரு. நடக்கிற சத்தம், பேசற சத்தம், பாட்டு, மழை, எது வந்தாலும் கடைசியா அவர்கிட்டதான் போய்ச் சேரணும். எது முன்னாடி கேக்கணும், எது அடங்கிக் கிடக்கணும்னு கலந்து முடிக்கிறவரு அவரு. யாரும் பேர் சொல்ல மாட்டாங்க. காதுன்னுதான் சொல்வாங்க. காது ஓகே பண்ணிடுச்சா, காது இன்னைக்கு வந்துச்சான்னு. மரியாதை இல்லாம இல்ல, அது ஒரு பயம் கலந்த பாசம். டம்ளர்ல தண்ணி ஊத்துற சத்தத்தக் கேட்டே அது சுடுதண்ணியா பச்சத்தண்ணியான்னு சொல்லிடுவாராம். நானும் வீட்டுல செஞ்சு பாத்தேன். நிஜமாவே வித்தியாசம் இருக்கு. சுடுதண்ணி கொஞ்சம் மந்தமா விழும்.

அவர் படம்னா நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் பாப்பேன். காலேஜ்லேர்ந்தே அப்படித்தான். பக்கத்துல இருக்கிறவங்க நான் தூங்கிட்டேன்னு நினைச்சுக்குவாங்க. ஒரு வீட்டுக்குள்ள ஆள் இல்லைங்கிறத அவர் ஒரு சத்தத்தால சொல்வாரு தெரியுமா, யாரோ குழாயச் சரியா மூடாம போயிட்ட சத்தம். அதக் கேட்டு நான் அழுதிருக்கேன். வாத்தியார் சொல்லிக் குடுத்து நான் எதுவும் கத்துக்கல சார். அந்த ஆள் கேக்கறதப் பாத்துத்தான் நான் கேக்கக் கத்துக்கிட்டேன்.

என்ன சார், பத்திரிகைய மூடி வச்சுட்டீங்க? தண்ணி கேக்கக் கூடாது, இன்னும் நேரம் ஆகல.

அவரைப் பாக்க முடியாது. சுத்தி அத்தனை பேர். ஆனா ஒரு தடவை வாசல் வரைக்கும் போயிட்டேன். ஹலோ அண்ணன் ஒரு ப்ரிவியூக்கு என்னை உள்ள விட்டாரு. காதோட படம். ப்ரிவியூன்னா ஒரு வழக்கம் இருக்கு. படம் முடிஞ்சு வெளிய வர்ற வாசல்ல, படம் எடுத்தவங்க எல்லாம் வரிசையா நிப்பாங்க. வர்றவங்க ஒவ்வொருத்தருக்கா கை குடுத்து, பிரமாதம், பிரமாதம்னு சொல்லிக்கிட்டே நகரணும். பிடிச்சிருந்தா ஒரு கை போதும். பிடிக்கலைன்னா ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுச் சொல்லணும். அண்ணன் முன்னாடியே சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாரு, அந்த ஒரு வார்த்தையத் தவிர வேற எதுவும் வாயில வரக் கூடாதுன்னு.

காது அன்னைக்கு வரல. அவரோட அசிஸ்டண்ட் நின்னாரு. நான் கை குடுத்தேன். பிரமாதம்னு சொல்லிட்டேன் சார், சத்தியமா சொன்னேன். அங்கயே நிறுத்தியிருக்கணும். அவர் சும்மா மரியாதைக்கு, உங்களுக்கு என்ன பிடிச்சுதுன்னு கேட்டாரு. நான் எல்லாமே பிடிச்சுதுங்க, சமையக்கட்டுல ஸ்பூன் விழற சத்தம் மட்டும் கொஞ்சம் கூராப் போச்சு, இடது பக்கம் வேற எல்லாம் ஒரு பிடி தூக்கலா இருக்குன்னேன்.

வேணும்னு சொல்லல. வாசல்ல கை குடுக்கறப்ப இதச் சொல்லணும்னு எந்தப் பைத்தியக்காரியும் திட்டம் போட மாட்டா. காதுல கேட்டது வாயில வந்துடுச்சு. ஹலோ அண்ணன் என் முழங்கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டாரு. அவர் முகம் செத்துப் போச்சு. அன்னைக்கோட சரி. கூப்பிட்டா போன் எடுக்கிறவங்க எல்லாம் மீட்டிங்ல இருந்தாங்க. ஒரு வாசல்ல சொன்ன ஒரு வார்த்தை எப்படித்தான் அத்தனை பேருக்கும் போச்சோ. ஒட்டு மொத்த ஊரும் ஒரே மீட்டிங்ல உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு.

ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அந்த அசிஸ்டண்ட் கோவப்படல சார். கோவப்பட்டிருந்தா நான் விட்டிருப்பேன். அவர் பயந்தாரு. என் கைய விட்டுட்டு, சுத்தி யாராவது கேட்டுட்டாங்களான்னு பாத்தாரு.

இல்ல சார், எழுந்திரிக்காதீங்க. தயவு செஞ்சு உக்காருங்க. எழுந்தா தலை சுத்தும், இப்பதான் ஊசி போட்டிருக்காங்க. ஆமா. தெரியும். நீங்கதான் காதுன்னு எனக்கு உள்ள வரும்போதே தெரியும். எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல. பாருங்க, அத்தனையும் கல்லு மாதிரி இருக்கு.

அந்த நீல உடுப்பு நர்ஸ் என் அக்கா. நீங்க இன்னைக்கு வர்றீங்கன்னு அவ சொல்லித்தான் தெரியும். சொல்லலைன்னு கூடச் சொல்லலாம், நான் துளைச்சு எடுத்தேன். அவ வேண்டாம்டி வேண்டாம்டின்னு கும்பிட்டா. டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னைக்கே அவளை அனுப்பிடுவாங்க. அதான் அவ அங்க நின்னு கையப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கா, முறைக்கல, பயந்து போய் நிக்கிறா. நீங்க டாக்டரம்மாகிட்ட போய், இந்தப் பொண்ணு யாரு, எப்படி உள்ள வந்தான்னு கேட்டா, எங்க வீட்டுல முழுசா வர்ற ஒரே சம்பளமும் போச்சு. மாமாவுக்கு இப்ப ஆபீஸ்ல பாதி நாள்தான் வேலை. இது எல்லாம் தெரிஞ்சுதான் வந்தேன்.

வேலை கேக்கத்தான் இவ்வளவு பண்ணியான்னு பாக்குறீங்க. கேக்கத்தான் வந்தேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.

நாலு நாள் முன்னாடி ஹலோ அண்ணன் கூப்பிட்டாரு. இத்தனை மாசத்துக்கு அப்புறம். அவர் எனக்குப் பாடம் எடுத்த அதே காபிக் கடை, அதே மூலை. ஒரு பெரிய படம் வருதாம், அது உங்ககிட்ட வரப் போகுதாம். இன்னொரு ஸ்டூடியோக்காரங்க அதக் கைப்பத்தப் பாக்குறாங்களாம். காதைப் பத்தி ஏதாவது ஒரு சேதி, உடம்பு சரியில்ல, குடிக்கிறாரு, சண்டை போடுறாரு, எதுவா இருந்தாலும் பரவாயில்ல, கொண்டு வந்து குடுத்தா அங்க உனக்கு ஒரு ரூம், ஒரு மைக், மாசச் சம்பளம்னாரு. அன்னைக்கு வாசல்ல நீ என்னமோ உளறினியே, அது என்னம்மா, கொஞ்சம் விவரமாச் சொல்லுன்னாரு. அப்பதான் எனக்கு அவர் எதுக்குக் கூப்பிட்டாருன்னு புரிஞ்சுது.

நல்ல வேலை சார். நான் கேட்டுக்கிட்டு வந்த அதே வேலை. அவர் பேசப் பேச நான் அந்த ரூமுக்குள்ள போயிட்டேன், ஜல்லி ட்ரே எங்க வைக்கலாம்னு கூட யோசிச்சுட்டேன். சேதி என் நாக்கு நுனியில இருந்துச்சு. ஏன்னா அதுக்கு முந்தின நாள்தான் அக்கா சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொல்லியிருந்தா.

நீங்க போன வாரம் பல் க்ளீன் பண்ண வந்தீங்கல்ல? டாக்டரம்மா மெஷினப் போட்டாங்க. விசில் மாதிரி கத்துற மெஷின் அது. இன்னும் வாயில வைக்கவே இல்ல, உங்களுக்கு இடது பக்கம் கையில புடிச்சுக்கிட்டு நின்னாங்க. நீங்க நிமிந்து பாத்து, என்ன டாக்டர், கரண்ட் இல்லையான்னு கேட்டீங்களாம். டாக்டரம்மா நீங்க கேலி பண்றீங்கன்னு நினைச்சுச் சிரிச்சாங்களாம். அக்காவும் சிரிச்சாளாம். நான் மட்டும் தட்டுல கைய வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

அப்புறம் உங்க படங்களை வரிசையா திரும்பக் கேட்டேன். முதல்ல பூச்சி கத்துற சத்தம். அடுத்த படத்துல பேப்பர் கசங்குறது. அப்புறம் ஸ்பூன். பேச்சும் பாட்டும் அப்படியே ரத்தினம் மாதிரி இருக்கு, யாரும் குறை சொல்ல முடியாது. மெல்லிசான சத்தம் மட்டும் படத்துக்குப் படம் கூராகிக்கிட்டே வருது, இடது பக்கம் ஏறிக்கிட்டே வருது. மத்தத, சத்தத்தோட அளவு காட்டுற மீட்டர் பாத்துச் சரி பண்ணிடுவீங்க. மெல்லிசான சத்தத்த மீட்டர் பெருசாக் காட்டாது, அதக் காதாலதான் வைக்கணும். கூரான சத்தம் உங்களுக்குச் சரியாக் கேக்கறதில்ல, இடது காதுல இன்னும் மோசம், அதனால உங்களுக்குக் கேக்கிற அளவுக்கு நீங்க ஏத்தி வைக்கிறீங்க.

நான் ஹலோ அண்ணன்கிட்ட சொல்லல. எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே, அன்னைக்குச் சும்மா புத்திசாலி மாதிரி காட்டிக்கச் சொன்னேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். நான் பெரிய தியாகின்னு நினைக்காதீங்க. பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டு, திரும்பிப் போய்ச் சொல்லிடலாமான்னு ரெண்டு பஸ்ஸ விட்டேன். மனசு வரல. என்னைக் கேக்க வச்சதே நீங்கதான். அத வச்சே உங்களை விக்கணுமான்னு இருந்துச்சு. அப்புறம் வீட்டுக்கு வந்ததும் உங்க மேல வேற கோவம் வந்துச்சு. இல்ல, உங்க மேல இல்ல, உங்களைச் சுத்தி இருக்கிறவங்க மேல. அந்த அசிஸ்டண்ட்டுக்குத் தெரியும் சார். அவருக்குத் தெரிஞ்சா இன்னும் நாலு பேருக்குத் தெரியும். எல்லாரும் வாசல்ல நின்னு பிரமாதம்னு சொல்லிட்டுப் போறாங்க. உங்ககிட்ட வேலை வேணும், அதனால சொல்ல மாட்டாங்க. எனக்கும் உங்ககிட்ட வேலை வேணும்தான், ஆனா நான் ஏற்கெனவே ஒரு தடவை உளறிட்டேன், இனி கெட்டுப் போக ஒண்ணும் இல்ல.

அதனால இன்னைக்கு நேர்ல பாத்துட்டுச் சொல்லலாம்னு வந்தேன். தப்பா இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டு ஓடிடலாம்னுதான் இருந்தேன். தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே வந்தேன். உள்ள மெஷின் போட்டப்ப இந்த ரூமே முகத்தைச் சுளிச்சுது, நீங்க பக்கத்தப் புரட்டினீங்க. சரி, கவனம் பத்திரிகையில இருக்கும்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். அந்தச் சாவிக் கொத்து கை நழுவி விழல சார். நான்தான் போட்டேன். உங்க இடது தோளுக்கு நேர் கீழ, வெறும் தரையில. பாப்பா அந்தக் கோடியிலேர்ந்து ஓடி வந்துச்சு. நீங்க அசையவே இல்ல. ஃபேன் காத்துன்னு சொன்னதும் பொய்தான். உங்களுக்கு இடது பக்கம் உக்காந்திருந்தா நான் இவ்வளவும் சுவத்துக்குச் சொன்ன மாதிரி ஆயிருக்கும்.

வேண்டாம், பஞ்சை எடுக்காதீங்க. அழுதா கூட மூக்கடைச்சு மூச்சு விடக் கஷ்டமாயிடும், மெதுவா. இந்தாங்க கர்ச்சீஃப், துவைச்சதுதான்.

உங்களுக்கே தெரியும்ல? நான் நினைச்சேன். உங்களுக்குத் தெரியாம இருக்குமா. யாராவது வந்து சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு, யாராவது வந்து சொல்ல மாட்டாங்களான்னும் இருந்திருக்கும். எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

இப்ப கேக்கறேன். அஞ்சு நிமிஷம் கேக்கல, யோசனையும் கேக்கல. வேலைதான் கேக்கறேன். உங்க ரூம்ல, உங்களுக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி. பேர் போட வேண்டாம், என்ன வேலைன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம், நடக்கிற சத்தம் பண்ற பொண்ணுன்னு சொல்லிக்குங்க, அதுவும் பண்றேன். ஸ்பூன் விழுந்தா கூர்னு சொல்வேன், சரியா இருந்தா வாய மூடிக்கிட்டு இருப்பேன். பிரமாதம்னு மட்டும் சொல்ல மாட்டேன். நீங்க வேண்டாம்னுட்டாலும் இந்தச் சேதி என்னைத் தாண்டிப் போகாது, லாரி ஆபீஸ்ல யாருக்கு இது வேணும். ஆனா காது டாக்டரை மட்டும் போய்ப் பாருங்க சார். அதுக்கு என்னை வேலைக்கு வைக்கணும்னு இல்ல.

பதில் இப்ப வேண்டாம். உங்களால பேசவும் முடியாது. முதல்ல எழுந்திரிங்க, உங்களைக் கூப்பிடுறாங்க. ஆமா, அக்கா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா.

இந்தப் பக்கம் இல்ல சார். அந்தப் பக்கம்.